பாலைவனத்தில் எத்தனை ஒட்டகம் இருக்கலாம்?

2009ஆம் ஆண்டின் கடைசியில், ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் உள்ள டாக்கர் ரிவர் என்ற சிற்றூருக்குள் ஒட்டகங்கள் புகுந்தன. ஊரில் இருந்தவர்கள் சுமார் 350 பேர். வந்த ஒட்டகங்கள் சுமார் 6,000. கடும் வறட்சி. தாகத்தோடு வந்தவை தண்ணீர்த் தொட்டிகளை இடித்தன. ஏசி பெட்டியில் கசியும் ஈரத்துக்காக வீட்டுச் சுவர் வரை வந்து முட்டின. ஊரின் சிறிய விமான ஓடுதளத்தைச் சுற்றியிருந்த வேலியையும் சாய்த்துவிட்டன. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக விமானத்தை நம்பியிருக்கும் ஊர் அது. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள்.

பாலைவனத்தில் ஒட்டகம் இருப்பதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். அந்தப் பாலைவனத்தில் அதிசயம்தான். ஆஸ்திரேலியாவில் இயற்கையாக ஒட்டகமே கிடையாது. குளம்புள்ள விலங்கு எதுவுமே கிடையாது. மாடு, ஆடு, குதிரை, கழுதை எல்லாம் கப்பலில் வந்தவை. ஒட்டகமும் அப்படி வந்ததுதான்.

முதல் ஒட்டகம் 1840இல் கானரித் தீவுகளிலிருந்து வந்து அடிலெய்டு துறைமுகத்தில் இறங்கியது. கூடப் புறப்பட்டவை வழியிலேயே செத்துவிட்டன. அதன் பெயர் ஹாரி. 1846இல் ஜான் ஹாரக்ஸ் என்பவர் அதைத் தன் நாடுகாண் பயணத்துக்குக் கூட்டிப்போனார். அவர் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது ஹாரி உடம்பை அசைத்தது, துப்பாக்கி வெடித்தது, குண்டு அவர் மேலேயே பாய்ந்தது. சில வாரங்களில் இறந்துபோனார். சாகும் முன் ஒட்டகத்தைச் சுட்டுவிடச் சொல்லிவிட்டார். ஆக, அந்த நாட்டில் ஒட்டகமும் துப்பாக்கியும் சந்தித்துக்கொண்டது முதல் ஒட்டகத்தின் காலத்திலேயே.

ஒட்டகத்தின் உண்மையான காலம் 1860களில் தொடங்கியது. தாமஸ் எல்டர் என்ற வணிகர் 1866இல் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களை இறக்கி, தெற்கு ஆஸ்திரேலியாவில் பெல்டானா என்ற இடத்தில் இனப்பெருக்கப் பண்ணை போட்டார். அப்புறம் 1920 வரை ஆயிரக்கணக்கில் வந்தன. 20,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் கூடவே வந்தார்கள். பலூச்சிஸ்தான், சிந்து, பஞ்சாப், ராஜஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று பல ஊர்க்காரர்கள். அங்குள்ளவர்களுக்கு அந்த வித்தியாசம் எல்லாம் புரியவில்லை. மொத்தமாக 'ஆப்கான்கள்' என்று கூப்பிட்டார்கள். கண்டத்தின் நடுவே தந்திக் கம்பி இழுக்கவும், சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் மாவும் சர்க்கரையும் சுமக்கவும், திரும்பும்போது கம்பளி மூட்டை ஏற்றவும் இந்த ஒட்டகங்கள்தான். அடிலெய்டிலிருந்து வடக்கே ஓடும் புகழ்பெற்ற ரயிலுக்கு 'கான்' என்று பெயர் வந்ததும் ஆப்கான் என்பதன் வாலிலிருந்துதான் என்பார்கள்.

1920களில் லாரி வந்தது. ஒட்டகத்துக்கு வேலை போயிற்று. தெற்கு ஆஸ்திரேலிய அரசு 1925இல் 'ஒட்டக அழிப்புச் சட்டம்' என்றே ஒன்று கொண்டுவந்து, கேட்பாரற்றுத் திரியும் ஒட்டகங்களைச் சுட வழிசெய்தது. கூடவே வாழ்ந்த பிராணியைக் கொல்ல மனம் வராத ஒட்டகக்காரர்கள் பலர் மூக்கணையை உருவி அவிழ்த்துவிட்டார்கள். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெயர் பற்றி ஒரு விளக்கம்

வேறு நாட்டிலிருந்து மனிதர் கொண்டுவந்த உயிரினத்தை அயல் உயிரினம் என்கிறோம். அயலாக இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. நாம் தின்னும் மிளகாயும் தக்காளியும் அயல்தான். வந்த இடத்தில் கட்டுக்கடங்காமல் பெருகி, ஏற்கெனவே இருந்தவற்றை நெருக்கினால் அது ஊடுருவும் உயிரினம். சீமைக் கருவேலத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. தலைமுறை தலைமுறையாக மனிதனிடம் பழகிய விலங்கு, அவிழ்த்துவிடப்பட்டு, குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் மனிதக் கையே படாமல் வளர்ந்து காட்டு விலங்காகிப்போவது. இலங்கையின் நெடுந்தீவில் வறண்ட புல்வெளியில் திரியும் குதிரைகள் இந்த வகை. ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் கொண்டுவந்த குதிரைகளின் வாரிசுகள். ஆஸ்திரேலிய ஒட்டகமும் இதே வகைதான். ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் பூர்வீகமான அரேபியாவில் இன்று காட்டு ஒட்டகமே இல்லை. இருப்பவை எல்லாம் யாரோ ஒருவருக்குச் சொந்தம். யாருக்கும் சொந்தமில்லாமல் பெரும் கூட்டமாகத் திரிவது ஆஸ்திரேலியாவில் மட்டும்தான்.

பாலைவனத்தை ஏன் எளிதில் உடையும் இடம் என்கிறார்கள்?

நமக்குப் பாலைவனம் என்றால் எதையும் தாங்கும் முரட்டு நிலம் என்று ஓர் எண்ணம். வெயிலையும் வறட்சியையும் தாங்கும், சரி. ஆனால் பட்ட அடியிலிருந்து மீண்டு எழ அதற்கு ரொம்ப காலம் பிடிக்கும்.

மத்திய ஆஸ்திரேலியாவில் மழை ஆண்டுதோறும் ஒழுங்காகப் பெய்வதில்லை. பல வருஷம் பொய்க்கும், ஒரு வருஷம் கொட்டும். மரங்களின் விதைகள் அந்த ஒரு நல்ல வருஷத்துக்காகத்தான் காத்திருக்கின்றன. அந்த வருஷம் முளைத்த கன்று இரண்டு மூன்று ஆண்டு பிழைத்துவிட்டால் மரமாகிவிடும். அதை ஒட்டகம் கடித்துவிட்டால், அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருப்பதுபோலத் தெரியும்: பெரிய மரங்கள் நிற்கும், பூக்கும், காய்க்கும். கீழே குட்டி மரமே இருக்காது. முதியோர் மட்டுமே இருக்கும் கிராமம்போல.

ஒட்டகம் மூன்றரை மீட்டர் உயரம் வரை எட்டிக் கடிக்கும். அங்கே வளரும் செடி வகைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் அதற்குத் தீனிதான். ஆனால் நாக்கு ருசி பார்க்கும். சிலவற்றை விடாமல் தேடிப்போகும். குவாண்டாங் என்ற பழ மரம் அதில் ஒன்று. இது நம்முடைய சந்தனத்துக்குச் சொந்தம், இரண்டும் ஒரே பேரினம். சிவந்த பழம்; பாலைவனப் பூர்வகுடிகளின் உணவில் முக்கியமானது. இன்னொன்று அங்கே பீன் மரம் என்று சொல்லப்படுவது. அது நம் கல்யாண முருங்கையின் பங்காளி. அதன் மெத்தென்ற கட்டையைக் குடைந்துதான் பூர்வகுடிப் பெண்கள் பண்டம் எடுத்துப்போகும் மரத்தொட்டிகளைச் செய்தார்கள். இந்த இரண்டு மரங்களும் ஒட்டகத்துக்கு மிகப் பிடித்த தீனி. குவாண்டாங் சில பகுதிகளில் அடியோடு போய்விடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

அடுத்து தண்ணீர். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறைத்தது இதுதான். அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. பாறைகளுக்கு நடுவே சுனைகள் உண்டு. சில சுனைகளில் நாலைந்து அண்டா தண்ணீர்தான் இருக்கும். ஒரு பறவைக் கூட்டமும் சில கங்காருகளும் பல்லிகளும் மாதக்கணக்கில் அதை வைத்துக் காலம் தள்ளும். ஒட்டகமோ தாகம் எடுத்தால் ஒரு வேளையில் 100 லிட்டர் குடிக்கும். பத்து ஒட்டகம் வந்தால் சுனை ஒரே நாளில் காலி. வறட்சியில் பலவீனமான ஒட்டகம் ஒன்று உள்ளே இறங்கி, ஏற முடியாமல் அங்கேயே செத்து அழுகினால், மிச்சத் தண்ணீரும் விஷம். அந்தச் சுனைகள் பூர்வகுடிகளுக்கு வெறும் நீர்நிலை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலபுராணம் உண்டு, பாட்டு உண்டு, காவல் காக்கும் கடமை உள்ள குடும்பம் உண்டு. குலதெய்வக் கோயில் குளத்தில் பிணம் மிதந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, ஒட்டகத்தின் பக்கமும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதற்குக் குளம்பு இல்லை. பாதத்தில் அகலமான மெத்தை. மாடு, குதிரை அளவுக்கு அது மண்ணைக் கிளறுவதில்லை. ஒரே இடத்தில் நின்று மொட்டையடிப்பதும் இல்லை. இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று நடந்துகொண்டே மேயும். கூட்டம் குறைவாக இருக்கும்வரை அதனால் பெரிய சேதம் தெரிவதில்லை. அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர்கள் 'ஒட்டகம் நல்லதா கெட்டதா' என்று கேட்பதில்லை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று கேட்கிறார்கள்.

எண்ணுவதே பெரிய பாடு

ஒட்டகங்கள் பரவியிருக்கும் பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட முழு இந்தியா. அவ்வளவு இடத்திலும் போய் எண்ண முடியாது. சிறு விமானத்தில் நேர்கோடாகப் பறந்து, இரண்டு பக்கமும் குறிப்பிட்ட அகலத்துக்குள் தெரிபவற்றை எண்ணி, பார்க்காத இடத்துக்கும் அதே விகிதம் போட்டு விரிக்கிறார்கள். மர நிழலில் நிற்பது கண்ணுக்குத் தப்பும்; அதற்கும் ஒரு திருத்தம். 2008இல் இப்படிப் போட்ட கணக்கு பத்து லட்சம் என்று வந்து உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. பிற்பாடு அது மிகை என்று தெரிந்து ஆறு லட்சம் அளவுக்குக் குறைத்தார்கள். இன்றும் சில கட்டுரைகளில் அந்தப் பழைய பத்து லட்சத்தைப் பார்க்கலாம்.

சராசரி இன்னொரு ஏமாற்று. 2013இல் மதிப்பிட்ட மூன்று லட்சம் ஒட்டகத்தை 33 லட்சம் சதுர கிலோமீட்டரில் பரப்பினால் 11 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. கேட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் டாக்கர் ரிவரில் ஒரே ஊரில் 6,000 நின்றன. மழைக்காலத்தில் சிதறிப்போகும், பசுந்தழையிலேயே ஈரம் கிடைப்பதால் வாரக்கணக்கில் தண்ணீர்ப் பக்கமே வராது. வறட்சி வந்தால் எல்லாம் சேர்ந்து எஞ்சிய தண்ணீரைத் தேடி வரும். சேதம் நடப்பது அப்போதுதான், அங்கேதான்.

பெருகும் வேகம் வட்டிக் கணக்குபோல. பெண் ஒட்டகம் சுமார் 13 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று வையுங்கள். முயலோடு ஒப்பிட்டால் மந்தம். ஆனால் பல பத்தாண்டு வாழும், அடித்துத் தின்ன சிங்கமோ புலியோ அங்கே இல்லை. டிங்கோ நாய் எப்போதாவது ஒரு குட்டியைத் தூக்கும், அவ்வளவுதான். விளைவு, சுமார் ஒன்பது வருஷத்தில் தொகை இரட்டிப்பாகிறது. அதாவது ஆண்டுக்கு எட்டு சதவீதம், அதுவும் கூட்டு வட்டி. மூன்று லட்சம் இருக்கும்போது எண்ணிக்கை கூடாமல் அப்படியே நிற்க வேண்டுமானாலே வருஷத்துக்கு 24,000 ஒட்டகங்களை அகற்ற வேண்டும். ஒரு வருஷம் சும்மா இருந்தால் அடுத்த வருஷம் அசலோடு அதுவும் சேரும்.

என்னதான் செய்கிறார்கள்?

2009 முதல் 2013 வரை 1.9 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் மத்திய அரசு ஒரு பெரிய திட்டம் நடத்தியது. சுமார் 1,60,000 ஒட்டகங்கள் அகற்றப்பட்டன. வறட்சியில் செத்தவையும் சேர, 2013இல் மூன்று லட்சம் அளவுக்குத் தொகை இறங்கியதாக மதிப்பிட்டார்கள். ஒட்டகமே இல்லாமல் செய்வது அந்தத் திட்டத்தின் இலக்கு இல்லை. முக்கியமான சில நீர்நிலைகள், அரிய தாவரங்கள் இருக்கும் இடங்கள் ஆகியவற்றைச் சுற்றி அடர்த்தியைக் குறைப்பதுதான் இலக்கு. புதிதாகக் கேட்பவருக்கு இது அரைகுறை வேலையாகப் படலாம். என் பார்வையில் அந்தத் திட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான முடிவே இதுதான். கடைசி ஒட்டகத்தைத் தேடி இந்தியா அளவு நிலத்தில் அலைய ஆகும் செலவுக்கு எத்தனையோ சுனைகளைக் காப்பாற்றிவிடலாம்.

பெரும்பாலானவை ஹெலிகாப்டரிலிருந்து சுடப்பட்டன. கேட்க நெஞ்சு பதைக்கிறது. தரையில் துரத்திப் பிடிப்பதைவிட ஹெலிகாப்டர் சீக்கிரம் நெருங்கும், குறிபார்த்துச் சுடுபவர் தேர்ந்தவராக இருந்தால் விலங்கு உடனே சாகும் என்பது அதற்குச் சொல்லும் நியாயம். கால்நடை மருத்துவர்கள் சுடும் முறையையும் உடல்களையும் தனியாகச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். உடல்கள் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே விடப்பட்டன. இந்த வீணடிப்புதான் பலருக்கு ஆறவில்லை. வேட்டையாடினால் தின்ன வேண்டும் என்ற முறையில் வளர்ந்த பூர்வகுடி முதியவர்களுக்கு, இத்தனை இறைச்சி வெயிலில் அழுகுவது ஒப்பவில்லை. கிறிஸ்தவர்களான சிலருக்கு வேறு ஒரு தயக்கம்: குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகளைச் சுமந்து வந்த பிராணி அல்லவா? நிலத்தின் பெரும்பகுதி பூர்வகுடிகளுக்குச் சட்டப்படி சொந்தம் என்பதால், ஒவ்வொரு சமூகத்தோடும் உட்கார்ந்து பேசி அனுமதி வாங்காமல் ஹெலிகாப்டர் எழும்ப முடியாது. திட்டத்தின் காலத்தில் கணிசமான பங்கு இந்தப் பேச்சுக்கே போனது. போக வேண்டியதும்தான்.

'சுடுவதற்குப் பதில் பிடித்து விற்கலாமே' என்பது எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. செய்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பட்டி போட்டு, உள்ளே தள்ளித் திறக்கும் ஆனால் வெளியே திறக்காத கதவு வைத்துவிட்டால், தாகத்தோடு வரும் ஒட்டகம் தானே மாட்டிக்கொள்ளும். இறைச்சிக்கும் பாலுக்கும் கொஞ்சம் சந்தை இருக்கிறது. ஆனால் பட்டியிலிருந்து இறைச்சிக்கூடம் பல நூறு கிலோமீட்டர், பாதி வழி மண்ரோடு. லாரி வாடகை ஒட்டகத்தின் விலையைத் தின்றுவிடும். அதனால் ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவை மட்டும் பிடிபடும். பாலையின் உள்ளே இருப்பவை பெருகிக்கொண்டே இருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒட்டகத்தை நம்பி ஒரு தொழில் வளர்ந்துவிட்டால், அந்தத் தொழிலுக்கு ஒட்டகம் தீரக்கூடாது.

வேலி போடலாம். சில முக்கியமான சுனைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். கங்காரு நுழையவும் ஒட்டகம் நுழையாமலும் இருக்கும்படி. சின்ன இடத்துக்கு நல்ல வழி. கருத்தடை ஊசி? ஒவ்வொன்றையும் தேடிப்போய்ப் போட வேண்டும், நடக்காது. முயல்களுக்கு 1950இல் விட்டதுபோல ஒரு கிருமியை அவிழ்த்துவிடுவதா? பண்ணையில் வளர்க்கும் ஒட்டகமும் சேர்ந்து சாகும்.

நேரம் பார்த்து அடிப்பதும் ஒரு கலை. பசுமை இருக்கும்போது ஒட்டகத்தைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை. வறட்சியில் அவையே ஒரு இடத்தில் கூடும். 2020 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், பூர்வகுடிகளின் நிலத்தில் ஐந்தே நாளில் 5,000க்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் சுடப்பட்டன. முடிவெடுத்தவர்கள் அந்த நிலத்தின் உடைமையாளர்களே. கண்டத்தின் கிழக்கே காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்த நேரம் என்பதால், தீக்காக ஒட்டகத்தைக் கொல்கிறார்கள் என்று செய்தி திரிந்து பரவியது. உண்மையில் அது தண்ணீர்ப் பிரச்சினை.

ஒட்டகங்களை இப்படிக் கொல்வதை ஒப்பாத அறிவியலாளர்களும் இருக்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவில் டிப்ரோடோடான் என்ற மாபெரும் தழை தின்னி இருந்து அழிந்தது. அதன் காலியிடத்தை ஒட்டகம் நிரப்புகிறது என்பது அவர்கள் வாதம். 2021இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கப் பாலைவனங்களில் காட்டுக் கழுதைகளும் குதிரைகளும் குளம்பால் தோண்டும் ஊற்றுக்குழிகளில் மற்ற விலங்குகளும் வந்து தண்ணீர் குடிப்பதைப் படம்பிடித்துக் காட்டியது. அந்த ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் ஆற்றுமணலைத் தோண்டும் கழுதையும் பாறைச் சுனையை உறிஞ்சும் ஒட்டகமும் ஒன்றல்ல. அதே அமெரிக்காவில், நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் பாலைக்கு 1969 முதல் 1977 வரை நூறுக்கும் குறைவான ஓரிக்ஸ் மான்களை ஆப்பிரிக்க இனம் என்று தெரிந்தே வேட்டைக்காக இறக்கினார்கள். கலஹாரியில் அவற்றை அடிக்கச் சிங்கம் உண்டு, இங்கே இல்லை, சில ஆயிரமாகிவிட்டன. இன்று வேட்டைக்கு உரிமச்சீட்டு விற்று எண்ணிக்கையைப் பிடித்துவைக்கிறார்கள், தேசியப் பூங்காவைச் சுற்றி வேலி போட்டு உள்ளே விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, இந்தியர்கள் கண்டிப்பாகக் கேட்கும் ஒரு கேள்வி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மொத்த ஒட்டகங்கள் இரண்டரை லட்சம்தான். 2012இல் நான்கு லட்சம் இருந்தன. ராஜஸ்தான் 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தும் சரிவு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சுடுவதைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்துவிடக் கூடாதா? கப்பல் கூலி, நோய்த்தடுப்புக் காவல், மனிதனைக் கண்டால் உதைக்கும் காட்டுக்குணம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ராஜஸ்தானின் ராய்க்கா மேய்ப்பர்களிடம் ஒட்டகம் குறைவதற்குக் காரணம் ஒட்டகம் கிடைக்காதது அல்ல. மேய்ச்சல் நிலம் வயலாகிவிட்டது, சுமைக்கு டிராக்டர் வந்துவிட்டது, சந்தையில் விலை போவதில்லை, பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். கராச்சியில் கப்பலேறிய ஒட்டகத்தை அங்கே வேண்டாததாக்கிய அதே லாரிதான் இங்கேயும் ஓடுகிறது.